புதன்கிழமை யாரும் வரவில்லை

அனுப்புநர்:
மு. சுகரா பேகம்,
அறிவியல் பட்டதாரி ஆசிரியை (ஓய்வு),
பள்ளிவாசல் பின்தெரு, கொல்லைமேடு,
ஆம்பூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பத்தூர்.

பொருள்: கொல்லைமேடு நடுநிலைப் பள்ளியின் பழைய சத்துணவுக் கூடம் – ஞாயிறு சமையல் வகுப்பு – ‘மக்களிடம் ஆர்வமில்லை’ என்ற அறிக்கையின் பேரில் பூட்டப்பட்டது – அறிக்கையைத் திருத்தவும் கூடத்தைத் திறந்துவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 29.09.2025.
2. நல்லுணவுப் பயிற்சித் திட்டப் பிரிவின் பதில், நாள் 23.10.2025.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இதே பொருளில் நான் தரும் இரண்டாவது மனு இது. முதல் மனுவுக்கு ஒன்றரை வரியில் பதில் வந்தது: ‘பயிற்சிக்கு ஒருவரும் வராததைத் தாங்களே கையொப்பமிட்டு உறுதி செய்துள்ளதால், கோரிக்கை ஏற்கப்படவில்லை.’ கையொப்பம் என்னுடையதுதான். அதை மறுக்கவில்லை. ஆனால் நடந்தது அந்த ஒன்றரை வரியில் இல்லை. அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது ஷூ கம்பெனிக்குப் போகிறார். காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலை ஏழு ஆகிவிடும். சென்ற ஜனவரியில் நடந்த மருத்துவ முகாமில் அறுபத்திரண்டு பெண்களைப் பரிசோதித்தார்கள். நாற்பத்தொரு பேருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் ஏற்கெனவே இரும்புச்சத்து மாத்திரை தரப்பட்டு வந்தது. “போடுறோம் டீச்சர், ஒரு நாளும் வுட்டதில்ல. ரத்தம் மட்டும் ஏற மாட்டேங்குது” என்றார்கள். எனக்கு அது புதிராக இருந்தது. மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

2. கம்பெனியில் காலை பத்தரைக்கு டீ பெல் அடிக்கும். மெஷினை விட்டு எழ முடிவது அப்போதுதான். எனவே செவிலியர் அந்த நேரத்தில்தான் மாத்திரை தருகிறார். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் டீ. இரண்டும் ஒன்றாகத் தொண்டையில் இறங்குகின்றன. தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். உடலில் சேர விடாது. இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. பின்னர் தொடங்கிய ஞாயிறு வகுப்பில் ஒரு நாள், பள்ளியில் செய்வது போல ஒரு மாத்திரையைப் பொடித்து, பால் சேர்க்காத டீயில் போட்டுக் காட்டினேன். டம்ளர் மை போலக் கறுத்தது.

நான் விளக்கம் சொல்லும் முன்பே, வாசலருகே அமர்ந்திருந்த அப்துல் ஹமீத் பாய் எழுந்துவிட்டார். முப்பது வருடம் தோல் ஷாப்பில், மரப்பட்டைத் தண்ணீரில் தோல் பதனிடும் பட்டைக் குழியில் வேலை பார்த்தவர். “அட, இது எங்க குழில இரும்பு வாளி வுழுந்த கதைல்ல! பட்டைத் தண்ணில இரும்பு பட்டா தோலே கருத்துப் போய்டும். மேஸ்திரி அடிக்க வந்துடுவாரு” என்றார். பட்டையில் இருப்பதும் தேயிலையில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே வகைத் துவர்ப்புதான். முப்பத்து நான்கு ஆண்டுகள் அறிவியல் கற்பித்தும் இப்படி ஓர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இந்த ஊரில் தோல் கறுக்கும் என்றால் புரியாதவர் இல்லை. அன்று முதல் பெண்கள் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு வந்து, எலுமிச்சைத் தண்ணீரோடு போடத் தொடங்கினார்கள்.

3. மாத்திரை மட்டும் போதாது, உணவும் மாற வேண்டும் என்று மேற்படி வகுப்பை 09.02.2025 முதல் ஞாயிறுதோறும் காலை பத்து முதல் ஒன்று வரை நடத்தினேன். புதிய கூடம் கட்டிய பிறகு சும்மா கிடந்த பழைய சத்துணவுக் கூடத்தைத் தலைமையாசிரியர் வாய்மொழியாக அனுமதித்தார். அங்கு நான்கு அடுப்புகள் உண்டு. சத்துணவுச் சமையலராக இருந்து ஓய்வு பெற்ற முனியம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டார். கேழ்வரகு, முருங்கைக்கீரை, வேர்க்கடலை, அணைக்கட்டுப் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காய் என்று எங்கள் சந்தையில் கிடைப்பதை மட்டுமே சமைத்தோம். எதையும் காலையில் இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது எங்கள் விதி.

கம்பெனிக்குப் போகிறவர் வேறு, வீட்டில் சமைப்பவர் வேறு என்பதும் இந்த ஊரின் நடைமுறை. எனவே சமைப்பவர் யாராயினும் வரலாம் என்று அறிவித்தோம். மாமியார்கள் வந்தார்கள். நாத்தனார்கள் வந்தார்கள். ஆண் ஒருவர்தான் வந்தார். அவர் அப்துல் ஹமீத் பாய். மனைவி காலமாகிவிட்டார், மகனுக்கு சென்னையில் வேலை. வீட்டில் அடுப்படி அவருடையது. அவர் முதன்முதலில் கீரை ஆய்ந்தபோது முனியம்மா, “பாய், மெதுவா! இது கீரை, ஆட்டுத்தோல் இல்ல. இப்டி உரிக்கிறீங்களே” என்றார். அவர் விடவில்லை. “தோலா இருந்தா உன்னைவிட நல்லா உரிப்பேன். நீ தால்சாவுல கீரை போடுறியே, அதுக்கு இன்னா சொல்றது?” என்று திருப்பினார். கூடமே சிரித்தது. சராசரியாக நாற்பது பேர் வந்தார்கள்.

4. ஜூலையில் நல்லுணவுப் பயிற்சித் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தது. நான் மகிழ்ந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். என்னைத் தன்னார்வப் பயிற்றுநராக நியமித்து ஒரு வண்ணப் புத்தகமும் ஒரு பதிவேடும் தந்தார்கள். புத்தகத்தில் ஓட்ஸ் கஞ்சி, ப்ரோக்கோலி சூப், ஆலிவ் எண்ணெயில் வதக்கிய காய்கறிகள். படத்தைப் பார்த்த முனியம்மா, “காலிபிளவருக்கு இன்னா நோவு, இப்டி பச்சையா கீது?” என்றார். ஆம்பூர் மார்க்கெட்டில் விசாரித்தேன், கிடைக்கவில்லை. புத்தகத்தை நான் குறை சொல்லவில்லை. அது வேறு ஊருக்கான நல்ல புத்தகம்.

வகுப்பு நாள் புதன்கிழமை காலை பதினொரு மணி என்று ஆணையில் இருந்தது. அந்த நேரத்தில் பெண்கள் கம்பெனியில் இருப்பார்கள், வீட்டில் இருப்பவர்கள் ரேஷன் கடையிலும் குழாயடியிலும் இருப்பார்கள் என்று எழுத்து மூலம் தெரிவித்தேன். ‘மாவட்டம் முழுவதும் ஒரே நாள்’ என்று தொலைபேசியில் பதில் சொன்னார்கள்.

5. 09.07.2025 முதல் 13.08.2025 வரை, திட்டத்தில் குறித்திருந்த ஆறு புதன்கிழமைகளும் நானும் முனியம்மாவும் அடுப்பைப் பற்ற வைத்துக் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. பதிவேட்டில் தேதி, தலைப்பு, வருகை, கையொப்பம் என நான்கே கட்டங்கள். காரணம் எழுத இடமில்லை. வருகைக் கட்டத்தில் பூஜ்யம் எழுதிக் கையெழுத்திட்டேன். வராத மாணவனுக்கு வருகை போட்டு எனக்குப் பழக்கமில்லை. ‘ஞாயிறு வந்தவங்க பேரை இதுல எழுதுங்க டீச்சர், யாரு பாக்கப் போறா’ என்று சிலர் சொன்னார்கள். அது புதன்கிழமைப் பதிவேடு, பொய்யாகிவிடும் என்று மறுத்துவிட்டேன். அதே ஆறு வாரங்களில் ஞாயிறன்று வந்தவர்களின் பெயர்களை என் சொந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அரசு முத்திரை இல்லாத நோட்டு, நகல் இணைத்துள்ளேன்.

6. 17.09.2025 அன்று ஆய்வுக்கு வந்த அலுவலரிடம் அந்த நோட்டைக் காட்டினேன். அவர் அதைத் திறக்கவில்லை. பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு, “ஆறு பூஜ்யம். ஆறுக்குக் கீழேயும் உங்க கையெழுத்துதானேம்மா?” என்றார். ஆமாம் என்றேன். ‘மக்களிடம் ஆர்வமில்லை’ என்று அவர் அறிக்கை தந்தார். 22.09.2025 அன்று கூடம் பூட்டப்பட்டது. ‘பயனற்ற கட்டடம்’ என்று எழுதி, உடைந்த பெஞ்சுகளை உள்ளே அடுக்கியிருக்கிறார்கள். உண்மையை எழுதியதற்கு இது பதிலானால், இனி எந்த ஆசிரியர் எந்தப் பதிவேட்டில் உண்மை எழுதுவார் என்று பணிவுடன் கேட்கிறேன்.

7. இதில் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அப்துல் ஹமீத் பாயின் மருமகள் அஃப்ரோஸ், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். முதல் பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைத்தவர். பிப்ரவரியில் மெஷின் மீதே மயங்கி விழுந்தார். அப்போது ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7.4. அதன் பிறகுதான் மாமனார் வகுப்புக்கு வந்தார். செப்டம்பர் 20-இல் அளவு 9.2. அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. நவம்பர் 4-இல் 8.7. கருவுற்ற காலத்தில் சற்றுக் குறைவது இயல்பு என்று மருத்துவர் சொன்னார். பத்துக்கு மேல் வந்தால்தான் தனக்குக் கவலை தீரும் என்றும் அவரே சொன்னார். எங்கள் அடுப்பு மட்டுமே ஏற்றியது என்று சொல்ல நான் மருத்துவர் அல்ல. அடுப்பு அணைந்த ஏழு வாரங்களில் அந்த வீட்டு உணவு மீண்டும் ரசம், உருளைக்கிழங்கு, டீ என்று ஆகிவிட்டது என்பதை மட்டும் நான் அறிவேன்.

வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடாதா என்று தங்களுக்குத் தோன்றலாம். பாய்க்கு உருது எழுத்து தெரியும். தமிழ் படிக்கத் தெரியாது. எழுதிக் கொடுத்துப் பயனில்லை. கண் முன்னால் செய்து, அவர் கையாலும் செய்ய வைத்தால் மறக்க மாட்டார். சென்ற வாரம் என் வீட்டு வாசலில் நின்று, “டீச்சர், கேழ்வரகு அடை ஓரம் கருகுது, நடுவுல வேகல. மருமவ ஒண்ணும் சொல்லாம துன்னுட்டுப் போவுது. எனக்குத்தான் பேஜாரா கீது” என்றார். மாவைக் கொதிநீரில் பிசைய வேண்டும் என்று வாயால் சொல்லி அனுப்பினேன். அடுப்பில்லாமல் சமையல் சொல்லித்தருவது கரும்பலகையில் நீச்சல் சொல்லித்தருவது போன்றது.

8. ஒரு ஞாயிறு என் வீட்டிலேயே நடத்திப் பார்த்தேன். மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஒற்றை அடுப்பு. பத்தொன்பது பேர் வந்தார்கள். பாதிப் பேர் படிக்கட்டில் நின்று ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டு உரிமையாளர் மரியாதையாகத்தான் சொன்னார். இனிமேல் வேண்டாம் என்றார்.

9. எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்:

(அ) மேற்படி கூடத்தின் சாவியை ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரை எங்களிடம் தர ஆணையிட வேண்டும். பெஞ்சுகளை நாங்களே ஓரமாக நகர்த்திக்கொள்வோம். பொருள்களையும் நாங்களே கொண்டுவருவோம்.

(ஆ) ‘மக்களிடம் ஆர்வமில்லை’ என்ற வரியை அறிக்கையிலிருந்து நீக்கி, ‘வகுப்பு வேலை நேரத்தில் வைக்கப்பட்டது’ என்று எழுத வேண்டும். நான் இட்ட ஆறு கையொப்பங்களும் அதைத்தான் சொல்கின்றன.

(இ) கம்பெனிகளில் மாத்திரை தரும் நேரத்தை டீ பெல்லிலிருந்து மாற்றுமாறு சுகாதாரத் துறைக்கு அறிவுறுத்த வேண்டும். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது என்றால், முதலாவதை மட்டும் உடனே செய்யுங்கள். மற்றவற்றுக்கு நான் மீண்டும் மனு எழுதுவேன். எனக்கு அதற்கு நேரம் இருக்கிறது. அஃப்ரோஸுக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் ஜனவரி 22. அதற்கு முன் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. என் முதல் மனுவுக்குப் பதில் வர இருபத்து நான்கு நாட்கள் ஆயின. இதற்கும் அவ்வளவே ஆனால் மூன்று போய்விடும். மீதி ஏழில் அவர் மாமனாருக்குச் சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தந்துவிடுவேன். ஏழுக்கும் குறைந்தால் என்னால் ஆகாது அம்மா.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
மு. சுகரா பேகம்

இடம்: கொல்லைமேடு
நாள்: 10.11.2025

இணைப்பு: 1. ஞாயிறு வருகை நோட்டின் நகல்.
2. மேற்கண்ட பதில் கடிதத்தின் நகல்.
3. வகுப்புக்கு வந்தவர்கள் முப்பத்தெட்டு பேரின் கையொப்பமும், அப்துல் ஹமீத் அவர்கள் உருதுவில் இட்ட கையொப்பமும்.