சர்குனாவுக்கு ஒரு மகன்

என் அன்பு மகள் லைலுமாவுக்கு, காபூலிலிருந்து அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் தம்பி ஹுமாயூனும் சுகம், மர்சியா சித்தியின் மூட்டுவலியும் வாயும் வழக்கம்போல ஓய்வில்லாமல் இருக்கின்றன, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த ஹாம்பர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

இங்கே பெரிய செய்தி பக்கத்து வீட்டு சர்குனாவின் கண்தான். அழகு நிலையங்களை மூடிய பிறகும் கல்யாணப் பெண்கள் பின்வாசல் வழியாக அவளிடம் வந்து புருவம் திருத்திக்கொண்டு போவது உனக்குத் தெரியும். போன மாதம் ஒருத்திக்கு ஒரு புருவம் நெற்றிக்கு ஏறிவிட்டது, பாவம், கல்யாணம் முழுக்க யாரையோ சந்தேகப்படுகிறவள் மாதிரியே உட்கார்ந்திருந்தாளாம். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், அப்போதுதான் சர்குனா மெல்ல, "எனக்கு நூலே தெரியலடி, கொஞ்ச நாளா கைதான் பாத்துக்கிட்டிருக்கு" என்றாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்றார் டாக்டர். ஆனால் ஆண்துணை இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்களாம், அதுவும் கல்யாணம் கட்டக்கூடாத உறவாக இருக்க வேண்டுமாம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், தம்பி ஈரானில், பெற்ற ஒரே குழந்தையும் கைக்குழந்தையிலேயே போய்விட்டது.

பச்சைத் தேநீரைக் குடித்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். மர்சியாதான் கோப்பையை டக்கென்று வைத்து, "அறிவுகெட்டவளுங்களா, இவ பாலைக் குடிச்சு வளர்ந்த தடியன் அடுத்த அறையில தூங்குறான், மகன் இல்லைன்னு அழுவுறீங்களே" என்றாள். ராக்கெட் விழுந்த காலத்தில் நிலவறையில் எனக்குப் பால் வற்றிப்போக, இரட்டைப் பிள்ளைகள் நீங்கள் இருவரும் கத்த, தன் குழந்தையை அடக்கம் செய்த கண்ணீர் காயாத சர்குனா உங்களை வாங்கி ஆளுக்கொரு பக்கம் போட்டுக்கொண்டாளே, பால் கொடுத்தவள் மார்க்கப்படி தாய் அல்லவா. இத்தனை வருஷம் வாய் ஓயாமல் சொன்ன கதை, வேண்டிய நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை பார்.

மறுநாள் டாக்ஸியில் முன்னால் ஹுமாயூன், பின்னால் மூன்று புர்கா. சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு நின்றவன், பால் குடித்த மகன் என்றதும் நம்பாமல் சாட்சி கேட்டான். மர்சியா ஜன்னல் வழியாக, "நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான் இருந்தோம் தம்பி, இவ பால் குடுக்கலேன்னா இவன் கத்துன கத்துலயே செத்திருப்போம், ராக்கெட்டே தேவைப்பட்டிருக்காது" என்றாள். அவன் சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவிக்கொண்டே போகச் சொன்னான். உன் தம்பிக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

ஒரு கண் முடிந்தது, நல்லபடியாக. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஹுமாயூனைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டாள். அவன் பால், நிலவறை என்று விளக்கம் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "மகன்" என்றான், அவ்வளவுதான். சர்குனா கட்டுப் போட்ட கண்ணோடு விசும்ப ஆரம்பித்துவிட்டாள், "கட்டு நனையுது, மகன் வந்ததுக்கெல்லாமா அழுவாங்க" என்று நர்ஸ் திட்டினாள். எத்தனை வருஷம் கழித்து வந்த மகன் என்று அந்த நர்ஸுக்கு எப்படித் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, பிள்ளைகளுக்கு நம் பேச்சு மறந்துபோக விடாதே. அல்லாஹ் உன் வீட்டை நிறைவாக வைப்பான். வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது முதலில் சர்குனாவிடம் பேசு, இனி அத்தை என்று கூப்பிடாதே.

உன் அம்மாக்களில் ஒருத்தி,
ஹோமைரா