பாயசம் என்று சொன்னது நான்தான்

மாதவி,

ஆறு மணி ரயிலில் ரவாங்குக்கு வேலைக்குப் போகிறேன். நீ தூங்குவதுபோல் படுத்திருக்கிறாய். எழுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று தம்பி குடும்பத்துக்கு முன்னால் நீ பாண்டான் இலை போட்டுக் கலக்கிய கோப்பியைக் குடித்துவிட்டு, "இது பாயசம் லா, முந்திரி எங்கே?" என்று கேட்டது தப்பு. எல்லாரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. கிள்ளான் உஷாராணி அக்கா வீட்டுச் சனிக்கிழமைக் கிரகப்பிரவேசத்துக்கு ஒத்துக்கொண்ட முப்பது போத்தல் கோப்பியையும் செய்ய முடியாது என்று சொல்லப்போகிறாயாமே. சொல்லாதே.

விடியற்காலையில் நானே ஒரு போத்தல் கலக்கப் பார்த்தேன். குலா மெலாக்கா வெல்லத்தை அடுப்பில் காய்ச்சவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பாகு கல்லாகி, கரண்டி சட்டியில் நட்டுக்கொண்டு நிற்கிறது. வெந்நீர் ஊற்றி வைத்திருக்கிறேன். திட்டுவதை மாலைக்கு வைத்துக்கொள்.

இட்லி மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரி மேல்.

ராஜன்

பி.கு.: நேற்று அவர்கள் கிளம்பியதும் ஜாடியில் மிச்சமிருந்த கோப்பியைக் கொட்டிவிட்டேன் என்றது பொய். சமையலறையில் நின்றபடியே முழுக்கக் குடித்தேன்.

இன்னொன்று: சனிக்கிழமைக்கு லீவு கேட்டு மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். போத்தல் கழுவுவது என் வேலை. நீ இன்னும் அக்காவுக்குப் போன் பண்ணவில்லைதானே?