ஆளுக்குப் பதினாறு

மார்ச் 3, செவ்வாய்

ஸ்கேன் சென்டரில் சர்வர் ஒன்றே ஒன்று. அதில் பதினாறு பிராசசர் கோர், அதாவது வேலை செய்யப் பதினாறு கை. அந்த ஒரு பெட்டிக்குள்தான் ஸ்கேன், லேப், பில்லிங் என்று மூன்று மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஸ்கேனுக்கு எட்டு, லேபுக்கு நாலு, பில்லிங்குக்கு ரெண்டு, மிச்சம் சர்வருக்கு என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்திருந்தேன். மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

"பில்லிங்குக்கு ஏன் ரெண்டு? ஆளுக்குப் பதினாறு குடுங்க."

"மொத்தமே பதினாறுதான் சார்."

"கமாண்ட் அடிச்சா ஏத்துக்குமா, ஏத்துக்காதா?"

ஏத்துக்கும். அதுதான் என் தலைவிதி. அடித்தேன்.

மார்ச் 4

எல்லாம் ஆமை வேகம். மூன்றும் அதே பதினாறுக்கு அடித்துக்கொள்கின்றன. ஸ்கேன் படம் திறக்கவே மாட்டேன் என்கிறது. வெளியே ஜனம் காத்திருக்க, டெக்னீஷியன் அக்கா என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். மேலாளரிடம் போனால், "அப்போ அந்த கிராஃபிக்ஸ் கார்டையும் எல்லாருக்கும் குடுங்க" என்கிறார். அது ஸ்கேனுக்கு மட்டும் கொடுத்த கார்டு. அதென்ன கேக்கா, வெட்டித் தர? மனசுக்குள்தான் கேட்டேன்.

லீவும் கேட்டேன். என் மனைவிக்கு மாதம் நிறைந்துவிட்டது. "சர்வர் ஒழுங்கா ஓடட்டும், அப்புறம் போங்க."

மார்ச் 5

அவள் கேட்டது ஒன்றுதான். "பிரசவ ரூம்ல என் பக்கத்துல நிக்கணும். வேற எதுவும் வேணாம்." கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இந்த மனுஷன் என்னடாவென்றால்—

மார்ச் 6

எத்தனை தடவைதான் சொல்வது? யாரிடமும் சொல்லாமல் பழைய பங்குக்கே இறக்கிவிட்டேன். ஆனால் ஓடிக்கொண்டிருப்பதில் மட்டும். கட்டளையின் கடைசியில் 'கான்ஃபிக்' என்று சேர்த்தால்தான் அது நிலைக்கும். இல்லையென்றால் சர்வர் அணைந்து எழுந்ததும் பதினாறுக்கே போய்விடும். சேர்த்தால் மேலாளர் தினமும் எட்டிப் பார்க்கும் செட்டிங்ஸ் பக்கத்தில் தெரிந்துவிடுமே. இப்போது அங்கே பதினாறு என்றே இருக்கிறது. கில்லாடிடா நீ.

ஸ்கேன் பறக்கிறது. மேலாளர் வந்து தோளில் தட்டினார். "பாத்தீங்களா, பதினாறு குடுத்ததும்?" எங்கே போய் முட்டிக்கொள்வது? லீவு கிடைத்தது, அது போதும்.

மார்ச் 9

காலையில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் எனக்கும் அங்கி கொடுத்து உள்ளே வரச் சொன்னார்கள். அப்போது போன். டெக்னீஷியன் அக்கா.

"தம்பி, கரண்ட் போயிட்டு வந்துச்சு. படமே வரல. தலையில அடிபட்டு ஒருத்தர் இங்க கிடக்காரு."

கான்ஃபிக் சேர்க்கவில்லையே, பாவி. மேலாளரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, செய்ததையெல்லாம் கொட்டினேன்.

"திட்டுறத அப்புறம் திட்டுங்க சார். சொல்றத அப்படியே அடிங்க."

"கான்ஃபிக்குக்கு முன்னாடி கோடு ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு சார். ரெண்டு."

நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டார். ஒரு நிமிஷம் என்று கை காட்டினேன். கான்ஃபிக்கை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது.

மார்ச் 10

மகள். இருவரும் நலம். அடிபட்டவருக்கும் நேரத்துக்குப் படம் கிடைத்துவிட்டதாம்.

மேலாளர் செய்தி அனுப்பியிருக்கிறார்: "இப்ப நல்லா ஓடுது. குறைச்சிட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

அவள் கண் விழித்ததும், "சர்வர் சரியாயிடுச்சா?" என்றாள்.

"ஆயிடுச்சு."

"நல்லது" என்று சொல்லி, குழந்தையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.