குறியிலிருந்து ஓர் அடி

விளக்கு சூடேறியதும் முதலில் தூசி கருகும் வாசனைதான் வரும். இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஒத்திகைக்கு விளக்கைப் போட்டபோதும் வந்தது. "யாருடா தோசையைத் தீய விட்டது?" என்று நீ இருந்தபோது மேடையிலிருந்து கத்துவாய். எல்லாரும் சிரிப்பார்கள். ஏணிமேல் நிற்கும் எனக்கு எரிச்சல் வரும். நான் மூன்று மணி நேரம் விளக்குக் கட்டினாலும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். உனக்கு ஒரு வரி போதும்.

நேராகவே சொல்கிறேன், உன்மேல் எனக்குப் பொறாமை. காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒத்திகைக்கு வரும்போது லோரி மோதி நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் பொறாமைதான்.

நம் நாடகத்தின் கடைசிக் காட்சி. வேலை போன அப்பாவாக வரும் நீ, மகளிடம் "லீவு போட்டிருக்கேம்மா" என்று பொய் சொல்லவேண்டும். நீ நிற்கவேண்டிய இடத்தை அளந்து, வெள்ளை டேப்பால் குறி ஒட்டியிருந்தேன். ஒரு நாளாவது அதில் நின்றாயா? ஓர் அடி தள்ளித்தான் நிற்பாய். பாதி முகம் இருட்டில் கிடக்கும்.

"டேய், குறியில நில்லுடா!"

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது லா."

"நடிக்கத் தெரியாதவன் விளக்கைக் குறை சொல்றான்."

"சரிங்க, இன்ஜினியர் சார்!"

கிள்ளான் போட்டியிலும் அங்கேதான் நின்றாய். நான் கீழே உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நம் குழுவுக்கு முதல் பரிசு. சிறந்த ஒளியமைப்பு எனக்கு. பொய் சொல்லும் தகப்பனின் பாதி முகத்தை இருட்டில் விட்டது பெரிய நுட்பம் என்றார் நடுவர். எல்லாரையும்விட நீதான் சத்தமாக விசிலடித்தாய். கோப்பையோடு இறங்கி வந்த என் காதில், "நல்லா இருட்டு போட்ட மச்சான்" என்றாய். அவ்வளவுதான். அப்புறம் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன்.

இப்போது அதே நாடகத்தை மறுபடியும் போடுகிறோம். உன் வேடத்துக்கு ஷா ஆலமிலிருந்து புதியவர் ஒருவர் வருகிறார். குறியில் பிசகாமல் நிற்கிறார். முகம் முழுக்க வெளிச்சம். இத்தனை நாள் நான் கேட்டது இதைத்தான். காட்சி செத்துக் கிடக்கிறது.

இயக்குநர் மல்லிகா அக்கா ஒத்திகையை நிறுத்தினார். "தம்பி, அந்தப் பாதி இருட்டு எங்க? பரிசு வாங்கினதே அதுக்குத்தானே?"

ஒரு விளக்கைக் குறைத்து, "இதோக்கா" என்றிருக்கலாம். கை அதற்குத்தான் போனது.

"அது நான் போட்டது இல்லக்கா. அவன் தள்ளி நின்னான். நான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சதுன்னுல்ல நினைச்சேன்?" என்றார். "சரி, எங்க நின்னான்? வந்து காட்டு."

நான் மேடை ஏறி உன் இடத்தில் நின்றேன். கண் கூசவில்லை. எதிரே மகளாக நடிக்கும் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிந்தது. குறிக்கு நகர்ந்து பார்த்தேன், வெறும் வெள்ளை வெளிச்சம். யார் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது? எலெக்ட்ரிக்கல் படித்த நான் அந்தக் குறியில் ஒரு முறைகூட ஏறி நின்று பார்த்ததில்லை.

பொறாமை குறையும் என்று நினைத்தேன். கூடித்தான் இருக்கிறது. நிகழ்ச்சித் தாளில் ஒளியமைப்புக்கு நேரே நம் இருவர் பெயரையும் போடச் சொல்லிவிட்டேன். உன் பெயர் இரண்டாவது.