பாதத்துக்கு எடுத்த அளவு

செங்கம் சாலை,
திருவண்ணாமலை.
16-10-83

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிராமி வணங்கி எழுதுவது. பதில் தாமதம் என்று கோபிக்காதீர்கள். பொங்கலுக்குப் பிறகு நீங்கள் எழுதியதே இப்போதுதான் இரண்டாவது கடிதம். அப்பாவுக்கு மூட்டுவலி கம்மி, வாய் ஜாஸ்தி. மற்றபடி சௌக்கியம்.

பின்கட்டு அறையைக் கானடாக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பெயர் கென்னத், முப்பத்தொரு வயது, ஊரில் பள்ளி வாத்தியாராம். காலையில் ஆசிரமம், மாலையில் மலைப் பக்கம், மற்ற நேரம் புத்தகம். என் அஞ்சல்வழி பி.ஏ.வுக்கு அவர்தான் ஆங்கிலம் சொல்லித் தருகிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சொல். பெரிய சொல் ஒன்றும் இல்லை, என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரிந்த பொடிச் சொல்தான். தலையணை மாதிரி ஓர் அகராதி வைத்திருக்கிறார். அதில் அந்தப் பொடிச் சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம்!

இன்றைய சொல் ‘ஃபாஸ்ட்’. வேகம், அவ்வளவுதானே என்றேன். சிரித்தார். வேகத்துக்கே குவிக், ஸ்விஃப்ட், ராபிட் என்று அதன் பங்காளிகள் ஏழெட்டுப் பேரை எழுத வைத்தார். பிறகு பார்த்தால், படகை முளையில் இறுக்கிக் கட்டினாலும் ஃபாஸ்ட்தானாம். ஓடுவதும் அதுவே, ஓடாமல் நிற்பதும் அதுவே, இதென்ன பாஷை ஐயா என்று கேட்டேன். சாயம் போகாத புடவை ஃபாஸ்ட். அசந்து தூங்குவது ஃபாஸ்ட். முந்தி ஓடும் கடிகாரம், பிரியாத சிநேகம், ஊர் வாயில் விழும் பெண்பிள்ளை, எல்லாம் அதுவே. கடைசியில் உண்ணாநோன்பு.

அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. உங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல், எங்களுக்கு இந்த ஒன்றுக்கே எத்தனை தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டேன். பட்டினி வேறு, விரதம் வேறு, உபவாசம் வேறு, எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் ஜைனத்தில் சல்லேகனை என்றேன். அது என்ன என்றார். தீராத நோயிலோ தள்ளாத வயதிலோ குருவிடம் அனுமதி வாங்கி, முதலில் சோறு, பிறகு பால், மோர், கடைசியில் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக விட்டு, யார் மேலும் கோபம் இல்லாமல் உயிரை விடுவது என்று விளக்கினேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நம் நிலத்தில் இரண்டு பாதம் செதுக்கிய பாதக்கல் இருக்கிறதே, அப்படி இறந்த நம் பெரியபாட்டனாருக்கு வைத்தது, அந்தக் கதையையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தக் கல்லைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கே பஸ்ஸில் கூட்டிப் போகிறாராம்.

அன்புத் தங்கை,
பிராமி


9-11-83

அன்புள்ள அண்ணா,

தீபாவளிப் புடவை வந்தது. நல்ல நிறம். கட்டிக்கொள்ள மனம் வரவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கண்டுபிடித்தது பால் ஊற்றும் வெள்ளையம்மாள்தான். ‘அந்தத் தம்பி பாலு வாணாம்னுட்டாரு பாப்பா, கண்ணு ரெண்டும் உள்ள பூடுச்சு, என்னான்னு கேளு’ என்றாள். போய்க் கேட்டேன். பாதக்கல்லைப் பார்த்து வந்த மறுவாரமே சோற்றை விட்டுவிட்டாராம். தீபாவளி விடியற்காலை, மகாவீரர் முக்தி அடைந்த வேளை என்று நாம் விளக்கேற்றுகிறோமே, அந்த நேரத்திலிருந்து பாலும் மோரும் இல்லை. இப்போது வெறும் தண்ணீர்.

உங்களுக்கு நோயா, வயசா, யார் அனுமதி கொடுத்தது என்று கத்தினேன். அவர் வாசல் பக்கம் கை காட்டினார். அங்கே அப்பா உட்கார்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆமாம் அண்ணா, அப்பாதான். முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவர் இப்போது தீட்சை கொடுக்கக் கிளம்பியிருக்கிறார். நம் ஜைன மடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கலாமே என்றால், ‘வெள்ளைக்காரன் ஒர்த்தன் நம்ம தர்மத்தத் தேடி வந்து நம்ம வூட்ல உக்காந்துக்கினான்னா அது எத்தன ஜென்மத்துப் புண்ணியம்னு தெரியுமா உனக்கு’ என்கிறார். டாக்டரை அழைத்து வந்தேன். உடம்பில் ஒரு கோளாறும் இல்லையாம். ‘வாயத் தெறக்க மாட்டேன்றவருக்கு நான் என்னம்மா மருந்து குடுக்கறது’ என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போலீசுக்குப் போகிறேன் என்றால், வாசலில் போலீஸ் ஏறினால் நான் உனக்கு அப்பன் இல்லை என்கிறார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இதெல்லாம் இல்லை. படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அப்பா நீங்கள் சொன்னால் கேட்பார். உடனே அவருக்கு எழுதுங்கள்.

பிராமி


17-11-83, காலை

அண்ணா,

இதைக் கொண்டுவருபவர் எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் பரசுராமன். இன்றிரவு சென்னையில் ரயில் ஏறி சனிக்கிழமை காலை டில்லி வந்துவிடுவார். தந்தி ஆபீஸில் நான் இதை எழுதிக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் ஊரே படித்துவிடும்.

உங்கள் கார்டு கிடைத்தது. அடுத்தவன் விவகாரம், நமக்கேன் வம்பு, நீ உன் பரீட்சையைப் பார் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நல்ல புத்திமதி.

கென்னத்துக்கு இன்று விடிந்ததிலிருந்து தண்ணீரும் நின்றுவிட்டது.

தீபத்துக்கு மூன்று நாள்தான். ஊர் கொள்ளாத ஜனம், டாக்டர்களெல்லாம் கோயில் பக்கம் டூட்டியில். நம் வீட்டிலும் ஒரு திருவிழா நடக்கிறது. சுற்றுப்பட்டு கிராமத்து நம் நயினார்கள் எல்லாம் வந்து கென்னத் காலில் விழுகிறார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்கிறார். திங்கட்கிழமை அடி அண்ணாமலையிலிருந்து கல்தச்சன் ஆதிமூலத்தை வரவழைத்து, பாதக்கல் செதுக்க நூல் பிடித்து அளவெடுக்க வைத்தார். உயிரோடு இருக்கும் மனுஷன் பாதத்துக்கு! நூல் பட்டதும் கென்னத் காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். அப்பா அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அன்று எல்லோரும் போன பிறகு தண்ணீர் கொண்டுபோனேன். இத்தனை பேர் வந்து விழுந்த பிறகு நான் எப்படி எழுந்திருப்பது பிராமி என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக. எழுந்திருங்கள், நான் கஞ்சி வைத்துத் தருகிறேன் என்றேன். உன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவர் விடுவித்தால் ஒழிய மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குச் சாக வேண்டும் என்று இல்லை அண்ணா. வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறார். இதை அப்பாவிடம் சொன்னேன். ‘கடேசில மனசு அப்படித்தான் அலையும், நாமதான் புடிச்சி நிறுத்தணும்’ என்கிறார்.

அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் அப்பா காலில் விழுந்து, எனக்கும் சல்லேகனைக்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். ‘பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு, நோவா நொடியா, சின்ன வயசுல உனக்கு எதுக்குடி அது’ என்று கத்தினார். அவருக்கு என்ன நோவு அப்பா என்று கேட்டேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். இந்த நிமிஷம் வரைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கென்னத்தை அவர் விடுவிக்கும் வரைக்கும் எனக்கும் சோறு இல்லை.

கானடா தூதரகத்துக்குப் போங்கள். கென்னத்தின் அம்மா விலாசம் இதோடு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், பரசுராமன் உங்கள் வாசலில் நிற்கும்போதே அப்பாவுக்குத் தந்தி அடியுங்கள். எழுந்திருப்பா என்று அந்த மனுஷனிடம் ஒரு சொல் சொல்லச் சொல்லுங்கள். போதும். அவர் எழுந்தால் நானும் எழுந்து அடுப்பு மூட்டுவேன். ஏன் இவ்வளவு தூரம் போகிறாய் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அண்ணிக்கு மசக்கை என்று கார்டு ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். அவர்களை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பிராமி