ஒடியலுக்கு ஒரு வேலி

ஜூலை 8, திங்கள்

புழுக்கம். காற்று விழுந்துவிட்டது. கோழிக்கூட்டுக் கதவு திருத்தவேண்டும்.

காலையில் ஒரு மின்னஞ்சல். கனடாவில் ‘ஒடியல்’ என்று சேலைக்கடையாம். பதிவுசெய்த வணிகப் பெயராம். நான் வாங்கி வைத்திருக்கும் ‘ஒடியல்’ என்ற இணையத்தளப் பெயரை உடனே தரவேண்டுமாம், இல்லையென்றால் முறைப்பாடு. கீழே முதலாளி சிவநேசனின் கையெழுத்து.

பனங்கிழங்கைக் காயவைத்தால் ஒடியல். அதற்குச் சிவநேசன் எப்படிச் சொந்தக்காரர் ஆனார்? கொதிப்பு. தேநீர் ஆறிப்போனது.

என் கணவரிடம் சொன்னேன். மீன்பிடி வள்ள எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே பதில். “வருசக்கணக்கா வேலி அடைக்காமல் விட்டனீர். ஆரும் எல்லைக்கல்லு நடத்தானே வருவான்.”

உண்மைதான். பனைப்பொருள் விற்கும் தளம் போடத்தான் வாங்கினேன். போடவில்லை. ஆனால் வீடு சீதனமாக வந்தது. இந்தப் பெயர் ஒன்றுதான் நானே தேடி வாங்கியது. விடமாட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

சின்னம்மாவின் மகள் ரஜனி கொழும்பில் லோயர். போன் எடுத்தேன். “அக்கா, உங்கடை பக்கத்தைத் திறந்து பாத்தனீங்களோ?”

பார்த்தேன். வெறும் பக்கம் என்றல்லவா நினைத்திருந்தேன். பெயரைப் பதிந்த கம்பனி தானாகவே விளம்பரம் போட்டிருக்கிறது. எல்லாம் சேலை. ஒன்று நல்ல மயில்கழுத்து நிறம்.

“அவரின்ரை பேரைக் காட்டி அவரின்ரை வியாபாரத்தைப் பிடிக்கிறியள் எண்டு சொல்லுவினம். உந்த விளம்பரத்தைத்தான் முதல் எடுக்கோணும்.”

ரஜனி சொன்னவை:
– விலை பேசக்கூடாது. விற்கத்தான் வைத்திருந்தேன் என்பார்கள்.
– உண்மையான ஒடியலைப் பற்றி ஒரு பக்கம். பொதுச்சொல் என்று தெரியவேண்டும்.
– கருத்துப் பெட்டியை மூடு. வாய்த்தர்க்கம் வேண்டாம்.

சேலைகள் போயின. அந்த மயில்கழுத்துக்கு மட்டும் கொஞ்சம் கவலை.

ஜூலை 13, சனி

ஒடியல் கூழ், படம் எடுப்பதற்காக. இறால், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை. முருங்கையிலை இல்லை. எனக்குப் பிடிக்காது.

பக்கத்து வீட்டு மேரி அக்கா மூடியைத் திறந்தார். “புளி காணாது பிள்ளை.” இவர்: “முருங்கையிலை எங்கை?” இவருடைய தம்பி: “மீன்தலை போட்டிருக்கலாம் அண்ணி.” பிழை சொல்லிச் சொல்லியே மூவரும் பனையோலைப் பிளாவில் வாங்கி வாங்கிக் குடித்தார்கள். நான் கமராவோடு வர, பானையில் அடி மட்டும். அதையே படம் எடுத்துப் பக்கத்தில் போட்டேன், செய்முறையோடு.

ஜூலை 15, திங்கள்

கருத்துப் பெட்டியை மூட மறந்துவிட்டேன். வரிசையாகக் கருத்து. மாவை ஊறவைத்தது போதாதாம். நண்டு போட்டால் இறால் எதற்காம். லண்டனிலிருந்து ஒருவர், பானையே பிழை என்கிறார்.

ரஜனி ஏசப்போகிறாள் என்று பயந்து மூடப்போனேன். கடைசியில் ஒன்று:

“முருங்கையிலை இல்லாமல் உது என்ன ஒடியல் கூழ்? எங்கடை அம்மா ஒடியல் மா கரைச்சு ஊத்தினால் வாசம் வீதிக்கு வரும். – சிவநேசன், ஒடியல் சேலைக்கடை.”

முதலில் கோபம்தான். என் பெயரையும் கேட்டு, என் கூழுக்கும் பிழை சொல்கிறார். ரஜனிக்கு வாசித்துக் காட்டினேன்.

“அக்கா, அதை அழிச்சுப் போடாதேங்கோ. ஒடியல் எல்லாரின்ரை வீட்டுச் சாப்பாடு எண்டு அவரே எழுதித் தந்திருக்கிறார்.” பிறகு மெல்ல, “ஆனாலும் முருங்கையிலை போட்டிருக்கலாம்.”

ஜூலை 19, வெள்ளி

மழை இருட்டு, பெய்யவில்லை. கோழிக்கூடு அப்படியே.

சிவநேசனின் கருத்தையும் இணைத்து ரஜனி அவருக்குப் பதில் அனுப்பியிருந்தாள். இன்று அவரது மறுமொழி. முறைப்பாடு இல்லை. பெயரை நானே வைத்திருக்கலாம். ஒரேயொரு வேண்டுகோள்: செய்முறையில் முருங்கையிலையைச் சேர்க்கவேண்டுமாம். அவருடைய அம்மா பார்த்துவிட்டு மனவருத்தப்படுகிறாவாம்.

இவர் வாசித்துவிட்டு, “நியாயமான மனுசன்” என்றார்.

சேர்க்கமாட்டேன். என் பெயர், என் கூழ்.

வீட்டின் பின்வளவில் இவர் முருங்கைக் கொப்பு முறிக்கும் சத்தம் கேட்கிறது.