லார்ஸ் படுக்காத கட்டில்

என் அன்பு மச்சான் துரைராசா,

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. இவ்வளவு நாளும் உனக்கு எழுதத் துணிவு வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை நோர்வேயிலிருந்து ஒரு கடிதம் வந்திராவிட்டால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். என் குணம் அப்படி, உனக்குத் தெரியாததா?

எழுதியவன் லார்ஸ். நம் சேவைக் கழகத்தின் மாணவர் பரிமாற்றத்தில் ஒரு வருடம் கூப்பிட்டு வைத்திருந்தோமே, அந்த நெட்டைப் பெடியன். பதினொரு வருடம் கழித்து, வருகிற தை மாதம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம். உறையில் உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறான். நீ இறந்தது அவனுக்குத் தெரியாது. "அந்த முறை மாஸ்டர் வீட்டில் தங்கக் கிடைக்கவில்லை. இந்த முறை அங்கேதான் தங்குவோம். அந்தக் கட்டில் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு மாஸ்டர் என்றால் நீதான்.

அவனுக்குப் பதில் போடுவதற்கு முன்னால் உனக்கு எழுத வேண்டும் என்று பட்டது. இதைக் கழகத்தின் ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உனக்குச் செய்ததைக் கழகத்தின் பெயரைச் சொல்லித்தானே செய்தேன்? ஒத்துக்கொள்வதும் அங்கேயே நடக்கட்டும்.

மானிப்பாயில் நம் கழகம் கூடிய அந்த மண்டபம் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. நீ பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்துவிட்டு, உன் கடற்கரை ஊர் மயிலிட்டிக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று கூட்டத்திற்கு வந்து நிற்பாய். கண் சிகிச்சை முகாம் என்றால் கிழவர்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவது நீ. சிரமதானம் என்றால் முதலில் மண்வெட்டி தூக்குவதும் நீ. நான் செயலாளர், மணி அடிப்பேன், அறிக்கை வாசிப்பேன். "மச்சான், நீ வாசிச்சா நாங்கள் வெட்டின கிடங்கு இன்னும் ரண்டடி ஆழமாப் போயிடுது" என்று பகிடி பண்ணுவாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

லார்ஸின் படிவம் கொழும்பிலிருந்து வந்தது. செயலாளர் என்பதால் நான்தான் முதலில் பிரித்தேன். தகப்பனின் தொழில் என்ற இடத்தில் மீனவர் என்று தெளிவாக எழுதியிருந்தது. சொந்தமாக ஒரு வள்ளம் இருக்கிறது என்றும் இருந்தது. இதை அப்படியே வாசித்தால் கழகத்தில் எந்த வீட்டுக் கதவு திறக்கும்?

கூட்டத்தில் நம் தலைவர் பிரக்கிராசி ஐயா, கோட்டில் சாட்சியை மடக்குகிற அதே வக்கீல் குரலில் கேட்டார். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய்.

"தம்பி செயலாளர், உந்தப் பெடியன் என்ன பகுதி ஆக்கள்? தேப்பன் என்ன செய்யிறார்?"

நோர்வேக்காரனுக்குப் பகுதி, அதாவது சாதி, விசாரித்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"கப்பல் வைச்சிருக்கினம், ஐயா."

"அப்ப நல்ல இடத்துப் பிள்ளைதான். முதல் நாலு மாதம் எங்கடை வீட்டிலையே நிக்கட்டும்."

றோட்டு ஓவசியர் வேலை பார்த்த எனக்கு ஓர் அங்குலம் பிசகினாலும் பொறுக்காது. அன்றைக்கு ஒரு வள்ளத்தைக் கப்பலாக்கினேன். பெடியன் வந்து இறங்கியதும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது கேட்டால் கடல் தொழில் என்று மட்டும் சொல் என்றும் சொல்லிவைத்தேன். ஏன் என்று கேட்டான். இங்கே அப்படித்தான் வழக்கம் என்றேன். பாவம், நம்பிவிட்டான்.

மூன்று வீடுகள், வீட்டுக்கு நாலு மாதம் என்று திட்டம். முதலில் தலைவர் வீடு, பிறகு என் வீடு. கடைசி நாலு மாதத்திற்கு நீ கை தூக்கினாய். எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். நீ மீன்காரர் வீட்டுப் பிள்ளை என்ற காரணத்தை யாரும் சொல்லவில்லை. நாங்கள் என்றைக்கு அதை வாய்திறந்து சொன்னோம்? "மாஸ்டர், உங்கடை பக்கம் கக்கூசு வசதி காணாது. வெளிநாட்டுப் பிள்ளை" என்றார் தலைவர். நீ சரி என்று தலையாட்டினாய். அடுத்த நாளே என்னிடம் வந்து, "மச்சான், தண்ணி வார்க்கிற கக்கூசு ஒண்டுக்குப் பிளான் கீறித் தா" என்றாய்.

கீறித் தந்தேன். மனதறிந்து கீறித் தந்தேன். அவன் உன் வீட்டிற்கு வரப்போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தக் குழிக்கு அளவு போட்ட கை இதே கைதான்.

நீ கட்டி முடித்தாய். பார்க்க வா என்று கூப்பிட்டாய். வந்து பார்த்துவிட்டு, வேறு குறை இல்லாததால், "பெடியன் ஆறரை அடி. கட்டில் காணாதே" என்றேன். அடுத்த மாதம் நீ ஏழடியில் கட்டில் செய்வித்து வைத்திருந்தாய். அளவுநாடாவைப் போட்டுப் பார்த்தேன், ஏழடிக்கு ஒரு நூல் குறையவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குச் சோடா வந்தது. கடையிலிருந்து வாங்கி வந்து, என் கண் முன்னாலேயே மூடி திறந்து தருவீர்கள். உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் எதுவும் எனக்கு வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. மச்சான், மச்சான் என்று வாய்க்கு வாய் கூப்பிட்டேன். உன் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லை.

இதற்கிடையில் லார்ஸ் என் வீட்டில் காய்ந்துகொண்டிருந்தான். தலைவர் வீடும் சுத்த சைவம், என் வீடும் சுத்த சைவம். என் மனுசி வகைவகையாகத்தான் சமைத்துப் போட்டாள். ஒருநாள் அவளே சொன்னாள்: "இஞ்சருங்கோ, வரேக்கை தென்னைமரம் மாதிரி நிண்ட பெடியன், இப்ப கமுகமரம் மாதிரிப் போட்டான். கத்தரிக்காயைக் கண்டா கண் கலங்குது." பிறந்ததிலிருந்து மீனில் வளர்ந்த பிள்ளையை மீன்வாடை படாத வீடுகளில் அடைத்து வைத்துவிட்டு, மீன்காரர் வீட்டிற்கு விடமாட்டோம் என்று நின்றோம். இப்படி ஒரு கூத்தை வேறு எந்த ஊர்க்காரராவது ஆடியிருப்பார்களா?

அவனே வழி கண்டுபிடித்தான். சனிக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையில் போனால் பொழுதுபட வருவான். முகத்தில் வெயில் பட்டிருக்கும், பசி இருக்காது. ஒருநாள் என் மனுசி மூக்கைச் சுளித்தாள்.

"உவன்ரை கையிலை மீன் மணக்குது."

"எங்கையடா போனனி?" என்று கேட்டேன்.

"மயிலிட்டி. மாஸ்டரின்ரை தம்பியோடை கடலுக்குப் போனனான். பிறகு மாஸ்டர் வீட்டிலை சாப்பிட்டனான். அம்மா வைக்கிற குழம்பு மாதிரி இல்லை, ஆனால் அம்மா வைக்கிற மாதிரி நிறைய வைச்சவை" என்றான். எங்கள் தமிழை அவ்வளவு வடிவாகக் கதைத்தான், எல்லாம் உங்கள் வீட்டில் படித்தது.

அவன் வந்து ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் அவன் முகத்தில் உண்மையான சந்தோசத்தைக் கண்டேன். கண்டும் என்ன செய்தேன்? இரண்டு நாள் கழித்துக் கழகத்தின் தாளில் அவனுக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். கடலுக்குப் போவது ஆபத்து, கழகம் பொறுப்பேற்க முடியாது, இனிமேல் அந்தப் பக்கம் போகக் கூடாது. உனக்கும் அதே தாளில் ஒரு கடிதம். கடைசி நாலு மாதமும் பெடியன் தலைவர் வீட்டிலேயே தங்குவான் என்று அதில் எழுதியிருந்தேன். தினமும் பள்ளிக்கூட வாசலில் சந்திக்கிற உனக்குத் தபாலில் அனுப்பினேன். அடுத்த வருடம் தலைவர் நாற்காலி எனக்கு என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அதற்காகத்தான் செய்தேன். வேறு காரணம் எதையும் இன்றைக்குச் சொல்லப் போவதில்லை.

பிரியாவிடைக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். லார்ஸ் வேட்டி கட்டிக்கொண்டு மேடையில் ஏறினான். எல்லாருக்கும் நன்றி சொன்னான். பிறகு, "என்ரை அப்பா மீன்காரர். துரைராசா மாஸ்டரின்ரை அப்பாவும் மீன்காரர். அந்த வீட்டிலை எனக்கு ஊர் ஞாபகம் வந்தது" என்றான். பிரக்கிராசி ஐயா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டபத்தில் கை தட்டியவன் நீ ஒருவன்தான்.

அவன் தன் வீட்டு விசயத்தை முதல் சனிக்கிழமையே உன்னிடம் சொல்லியிருக்கிறான் என்று பிறகுதான் அறிந்தேன். அப்படியென்றால் அத்தனை மாதமும் நீ எல்லாம் தெரிந்தேதான் என்னோடு கதைத்திருக்கிறாய். ஒரு மீன்காரன் மகனை நான் கப்பல்காரன் மகனாக்கி வைத்ததும், இன்னொரு மீன்காரன் மகனை வாசலிலேயே நிறுத்தியதும் உனக்குத் தெரியும். என் சட்டையைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கூட்டம் கலைந்து வெளியே வரும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"மச்சான், கட்டிலை என்ன செய்யிறது?"

"நீ படு" என்று சிரித்துச் சமாளித்தேன்.

"எனக்கு நீளம் கூடவடாப்பா" என்றுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாய்.

அதற்குப் பிறகும் நீ கழகத்தை விட்டுப் போகவில்லை. சிரமதானத்திற்கு வந்தாய், கண் முகாமிற்கு வந்தாய். விருந்துகளுக்கு மட்டும் வரவில்லை. நான் தலைவரான அன்றைக்கும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்துவிட்டாய் என்று கேட்டு ஓடி வந்தேன். உன் செத்த வீட்டிலும் படலைக்கு வெளியே, கழகத்து ஆட்களோடு குடையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லார்ஸின் கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் வீட்டிற்குப் போனேன். உன் மனுசி கமலா கதிரையைத் துடைத்துப் போட்டாள். அந்தக் கட்டில் அறையில் அப்படியே இருக்கிறது. உன் மகள் வாணி அதன் மேல் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் படிக்கிறாள். பத்து வயதுப் பிள்ளை, லார்ஸைக் கண்டதேயில்லை. அதை லார்ஸ் கட்டில் என்றுதான் சொல்கிறாள். நீ அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாயாம்.

கமலா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். "வரட்டும். அறையைத் துப்புரவாக்கி வைக்கிறன்" என்றாள். பிறகு வாணியைக் கூப்பிட்டு, "பெரியப்பாவுக்கு ஓடிப்போய் ஒரு சோடா வாங்கியா" என்றாள்.

"சோடா வேண்டாம் தங்கச்சி. ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றேன். பதினொரு வருடமாக வராத வார்த்தை அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

அவள் குரலில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அவர் இருக்கேக்கை ஒரு நாளெண்டாலும் கேட்டிருக்கலாம் அண்ணை. நீங்கள் வாற நாளிலை எல்லாம் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பிலை வைக்கச் சொல்லுவார். இண்டைக்குக் கேப்பான் எண்டுவார். பிறகு தானே வந்து இறக்கி வைச்சிட்டுச் சோடாவுக்கு ஆளனுப்புவார்."

அதற்குள் வாணி சோடாவோடு வந்துவிட்டாள். கமலா மூடியைத் திறந்து தந்தாள். நான் வாங்கிக் குடித்தேன். போத்தல் முடியும்வரை குடித்தேன்.

மச்சான், மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்டாலும் மறுமொழி சொல்ல நீ இல்லை. லார்ஸுக்கு நேற்றுப் பதில் போட்டுவிட்டேன். நீ இறந்ததை எழுதினேன்; கப்பல் கதையையும், தபாலில் போட்ட அந்தக் கடிதத்தின் கதையையும் ஒளிக்காமல் எழுதினேன். கட்டில் இருக்கிறது, வா என்றும் எழுதினேன். தை மாதம் அவனை நானே மயிலிட்டிக்குக் கூட்டி வருவேன். என் மனுசியும் வருகிறேன் என்றிருக்கிறாள். கமலா இலை போட்டால் அவனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவேன். சோடாதான் தந்தால் அதையும் குடித்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். அந்தக் கேத்தில் எனக்காக ஒருநாள் கொதிக்கும்வரை வருவேன், இது சத்தியம்.

உன் வீட்டுத் தேத்தண்ணிக்குக் காத்திருக்கும்,
உன் மச்சான்
சிவஞானம்